கையெழுத்துப் போடாத ஒருவர்

தண்ணீருக்காக ஒரு பல் விழுந்த பிறகுதான் அந்தக் குடியிருப்புக்குள் மேற்கத்திய அரசியல் சிந்தனை நுழைந்தது.

ஆறு மாடிக்கும் ஒரே தொட்டி. மேல்வீட்டுக்காரர் குளிக்கும்போது கீழ்வீட்டுக்காரர் வால்வை மூடுவார். மேல்வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். அப்படி இறங்கிய ஸ்பானர் ஒன்று மூன்றாம் மாடித் தையல்காரரின் முன்பல்லைப் பதம் பார்த்தது. மறுநாளே மொட்டைமாடியில் கூட்டம்.

ஐந்தாம் மாடிப் பேராசிரியர் எழுந்தார். கல்லூரியில் மேற்கத்திய அரசியல் சிந்தனை வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் நடத்திக்கொண்டுதான் இருந்தார். வகுப்பில்தான் மனைவி ஒருத்தியைத் தவிர ஆளில்லை.

"அரசுன்னு ஒண்ணு தோன்றதுக்கு முன்னாடி மனுஷன் எப்படி இருந்தானோ, அப்படித்தான் நாம இருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் ஓநாய்."

"என் பல்லு சார்?" என்றார் தையல்காரர்.

"அதுதான் சான்று."

உள்நாட்டுப் போரைக் கண்டு நடுங்கிய ஐரோப்பாக்காரர் ஒருவர் இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாராம். எல்லோரும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, அவரவர் உரிமையை மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அவர் சொன்னதே சட்டம்.

அந்த ஒருவராக எல்லோரும் தேர்ந்தெடுத்தது தரைத்தளத்துக்காரரை; பட்டப்பெயர் டிப்போ. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஹாரன் இல்லாத வண்டியைக்கூடக் குரலாலேயே ஓட்டிவிடுவார். பேராசிரியர் ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினார். வீட்டுக்கொரு கையெழுத்து.

பேராசிரியரின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். கூட்டத்தில் அவளும் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க, டிப்போ கையெழுத்தக் காணோமே?"

"அவர் போடக்கூடாதும்மா. போட்டா அவரும் கட்டுப்பட்டவராயிடுவார். மீறினாரா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல இன்னொருத்தர் வேணும். திரும்பவும் ஸ்பானர்தான்."

"அவருக்கே கிறுக்குப் பிடிச்சா?"

"ஸ்பானருக்கு அது எவ்வளவோ மேல்."

எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரர் வாயை மூடிக்கொண்டு தட்டினார்.

அமைதி வந்தது. தண்ணீரும் நேரத்துக்கு வந்தது. பேராசிரியர் படியில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பிறகு பால்கனியில் துணி காயப்போடத் தடை வந்தது, சத்தமாகச் சிரிக்கத் தடை வந்தது. ஒருநாள் லிஃப்ட்டில் பொத்தானை யார் அமுக்குவது என்று இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டார்கள். டிப்போ லிஃப்ட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சண்டைக்குக் காரணமே லிஃப்ட்டுதான். அது ஓடலைன்னா சண்டை ஏது?"

தர்க்கம் சுத்தமாக இருக்கிறது என்று பேராசிரியர் வீட்டில் வந்து பாராட்டினார்.

"நான் எப்படிங்க இறங்குறது?" என்றாள் மனைவி.

மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து சில வாரம் இறங்கினாள். ஏறுவது அதைவிடக் கொடுமை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதே நின்றுபோனது. கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறிய ஒரு காலையில் பேராசிரியர் தரைத்தளத்துக்கு ஓடினார். டிப்போ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லா உரிமையையும் குடுத்தாலும் உயிரைக் காப்பாத்திக்கிற உரிமைய மட்டும் யாரும் விட்டுக்குடுக்க முடியாதுங்க. அந்தச் சிந்தனையாளரே சொல்லியிருக்கார்!"

"தாள்ல இருக்கா?"

"இல்ல... ஒரு பக்கத்துக்குள்ள முடிக்கணும்னு விட்டுட்டேன்."

"சரி, போகட்டும். யாரோட உயிர் சார்?"

"என் சம்சாரத்தோடது."

"அப்ப உரிமையும் அவங்களோடதுதானே? அவங்களே வந்து கேக்கட்டும்."

"அவளால இறங்க முடியலன்னுதானே நான் வந்தேன்!"

"இறங்கட்டும், பாத்துக்கலாம்."

பேராசிரியர் கதவு கதவாகத் தட்டினார். தையல்காரர் பாதிக் கதவைத் திறந்தார். "நாற்காலியோட ஒத்த ஆளா தூக்கிருவேன் சார். டிப்போ அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்களேன். நீங்கதானே எங்களக் கையெழுத்துப் போட வெச்சீங்க?"

பேராசிரியர் தானே அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். நாலாம் மாடித் திருப்பத்தில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா. கீழ போய் உன் வாயால கேட்டுட்டா அவரால மறுக்க முடியாது. ஏன்னா, இயற்கை உரிமைன்னு ஒண்ணு..."

"விளக்கம் வேணாங்க. கையப் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். அவளுக்கு மூச்சு நிற்கும்வரை வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. அதன்பின் எல்லாக் கதவும் திறந்தன. டிப்போவும் மூச்சிரைக்க ஏறிவந்தார். துக்கத்துக்கு மரியாதையாகக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பொணம் சண்டை போடாது. லிஃப்ட்டுலயே இறக்குங்க."

பூட்டைத் திறந்து, அவரே பொத்தானை அமுக்கினார். எத்தனையோ வாரம் ஓடாத லிஃப்ட், கொஞ்சமும் குலுங்காமல் அவளைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. பேராசிரியர் ஏறவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அவள் இறங்கவேண்டியிருந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்.

கீழே வண்டி புறப்பட்டதும் தையல்காரர் லிஃப்ட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மேல காலியாத்தானே போகுது... ஏறிக்கலாமா?"

டிப்போ தலையசைத்தார். நாலைந்து பேர் சத்தமில்லாமல், வரிசையாக ஏறிக்கொண்டார்கள். பொத்தானை அமுக்கத்தான் யாரும் முந்தவில்லை.