ஏப்ரல் மாத நீரளவு

கொழும்பு மராமத்து இலாகாவில் பதினாறு வருஷம் மலையேறி இறங்கியவர் பெலிக்ஸ் வீரக்கோன். மலையில் வரப்போகும் மின்நிலையத்துக்காக ஒரு வருஷம் முழுக்க அருவியில் நீரளவு எடுத்தவரும் அவர்தான். நிலையத்தின் பொறுப்பு தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பதவியோ, ஒரு காலத்தில் அவர் கீழே சங்கிலி பிடித்து நிலம் அளந்த ஆல்பர்ட் திசேராவுக்குப் போனது. லண்டனில் மின்சாரம் படித்து வந்தவனாம். பெலிக்ஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் இன்னும் "அண்ணே" என்று கூப்பிட்டது அதைவிட எரிச்சல்.

"அண்ணே, உங்க நோட்ட வெச்சுத்தான் எந்திரத்துக்கு ஆர்டர் போடப்போறேன். மறுபடி ஒருக்கா அளக்கணுமா?"

"ஏன், என் கையெழுத்து மேல சந்தேகமா தொரைக்கு?"

அருவி வற்றும் ஏப்ரல் அளவை வைத்துத்தான் எந்திரம் வாங்குவார்கள். அளவெடுத்த வருஷத்து ஏப்ரலில் பெலிக்ஸ் மலையிலேயே இல்லை. வருஷப் பிறப்புக்குப் பாணந்துறை வீட்டுக்குப் போய்விட்டு, குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவைத்திருந்தார். சொன்னால் தன் பொய் வெளியாகும், அவனும் தப்பிப்பான். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. விழட்டும் பயல் என்று இருந்துவிட்டார்.

விழுந்தான். நிலையம் ஓடத் தொடங்கிய முதல் ஏப்ரலிலேயே தண்ணீர் போதாமல் ஊர் விளக்கெல்லாம் அடுப்புக் கங்கு மாதிரி மங்கின. விசாரணைக்கு வெள்ளைக்கார மேலதிகாரி வந்தார். நோட்டைக் கேட்பாரே என்று பெலிக்ஸ் பயந்தார். ஆல்பர்ட் நோட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. "மறுபடி அளக்காதது என் தப்பு" என்றான். அவனை எங்கோ சாலை வேலைக்குத் தூக்கியடித்தார்கள். நாற்காலி பெலிக்ஸுக்கு வந்தது.

கிளம்பும் அன்று ஆல்பர்ட் அந்த நோட்டை மேசைமேல் விரித்து வைத்தான்.

"ஏப்ரல் பதிமூணாந்தேதி காலையில அருவியில அளந்ததா எழுதியிருக்கீங்க. அன்னிக்குக் காலையில, லண்டனுக்குக் கப்பலேறப் போறேன்னு நான் வெத்திலையோட உங்க பாணந்துறை வீட்டுக்கு வந்து கால்ல விழுந்தேன். உங்க கையால வருஷப் பிறப்புப் பால்சோறு, கிரிபத், ஊட்டிவிட்டீங்க. மறந்துட்டீங்களா?"

பெலிக்ஸ் நோட்டை மூடினார். "தெரிஞ்சுமா ஆர்டர் போட்டே?"

"வெளக்கு மங்குன பெறகுதான் தேதியப் பாத்தேன்."

"அப்ப விசாரணையில சொல்றதுக்கென்ன?"

"ஊட்டுன கையாச்சே, அண்ணே."

நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் பெலிக்ஸுக்கு ஆறியிருக்கும். பாவி, இதிலும் முந்திக்கொண்டானே. ஆசைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடி, வெளியே வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். முன்னைவிட அதிகமாக எரிந்தது.