வெட்டலாமா, வேண்டாமா?

டீ ஆறி ஆடை கட்டியும் பக்கிரி குடிக்கவில்லை. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் போன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்திருந்தது: ‘குறுக்குக் கரையை வெட்டலாமா?’ அதன் கீழே அமுக்குவதற்கு இரண்டே பதில்கள். வெட்டலாம். வேண்டாம்.

விடாமல் கொட்டிய கார்த்திகை மழையில் மேலவெளி வயல்கள் எல்லாம் முங்கிக் கிடந்தன. சம்பா இளம் பயிர். தண்ணீர் இப்படியே நின்றால் அழுகிவிடும். இரண்டு வெளிக்கும் நடுவில் இருக்கும் குறுக்குக் கரையை வெட்டினால் தண்ணீர் மளமளவென்று கீழவெளிக்கு இறங்கும். மேலவெளி பிழைக்கும், கீழவெளி முங்கும். அவனவன் வயல் எந்தப் பக்கமோ அவனவன் ஓட்டும் அந்தப் பக்கம் என்று மற்றவர்கள் தெளிவாகத்தான் இருந்தார்கள். பக்கிரிக்கு மட்டும் ஆண்டவன் சொந்த வயலை மேலவெளியிலும் குத்தகை வயலைக் கீழவெளியிலும் கொடுத்து வேடிக்கை பார்த்தான்.

கேள்வியைப் போட்டது அரவிந்தன். பட்டுக்கோட்டை டியூஷன் சென்டரில் பாடம் எடுப்பவன். டீக்கடை டிவியில், நாட்டைப் பிளக்கும் பிரச்சினைகளைப் பொது வாக்கெடுப்புக்கு விடலாமா என்று நாலு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“இதைத்தாண்ணே நான் சொல்றேன்” என்றான் அரவிந்தன். “நாடு பூரா ஒரே கேள்வி. ஆமா, இல்லன்னு சனங்களே சொல்லிடட்டும். கட்சிக்காரன் எதுக்கு நடுவுல? அதான் நம்ம ஊர்லயே ஆரம்பிச்சு வச்சேன்.”

“எனக்கு ரெண்டு பக்கமும் நெலம் கெடக்கே தம்பி. நான் எதை அமுக்குறது?”

“ஊருக்கு எது நல்லதோ அதை அமுக்குங்க.”

“ஊருன்னா கீழவெளியும் சேந்ததுதானே?”

அரவிந்தன் போனை எடுத்துக் காட்டினான். “அதுக்குத்தாண்ணே ஓட்டு. அதிகம் பேரு எதைச் சொல்றாங்களோ, அதுதான் ஊரு.”

பக்கிரிக்கு அது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கடையிலேயே ‘வேண்டாம்’ என்று அமுக்கினார். வழியில் தன் வயலில் பயிரின் நுனிகூடத் தெரியாததைப் பார்த்ததும் ‘வெட்டலாம்’ என்று மாற்றினார். வீட்டுக்குப் போய்க் குத்தகை வயலை நினைத்ததும் மறுபடி ‘வேண்டாம்’.

“ஏங்க, ஒரு முடிவுக்கு வாங்க. இல்லன்னா அந்தப் போனைத் தூக்கி அடுப்புல போடுங்க” என்றாள் அவர் மனைவி ராஜாத்தி.

குழுவில் அதற்குள் அடிதடி. காலையில் ஒன்றாக டீ குடித்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் துரோகி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலவெளியில் நிலம் இருந்தும் ஊர்ப்பக்கம் வந்தே பல வருடமான, சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் ஒரு நொடி யோசிக்காமல் ‘வெட்டலாம்’ என்றார்கள். அந்தப் பக்கம் எண்ணிக்கை ஏற ஏறப் பக்கிரிக்கு மனம் லேசானது. இத்தனை பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் கடைசியாக அதையே அமுக்கினார்.

மத்தியானம் முடிவு வந்தது. வெட்டலாம். மேலவெளிக்காரர்கள் மண்வெட்டியைப் பக்கிரி கையில் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் நிலம் உள்ளவர் முதல் வெட்டுப் போட்டால் நாளைக்கு யாரும் பேச முடியாதாம்.

கரையில் கீழவெளிக்காரர்கள் நின்றார்கள். முன்னால் செம்மொழி. அவளுக்கு இருப்பதே அங்கே ஒரு துண்டு வயல்தான்.

“ஓட்டுல முடிவாயிடுச்சும்மா. தள்ளிக்க” என்றார் பக்கிரி.

“நாங்களுந்தாண்ணே ஓட்டுப் போட்டோம். நாங்க கம்மிப் பேரு, தோத்துட்டோம். சரி, தோத்தது நாங்கதானே? பயிர் ஏன் சாவணும்?”

ஓங்கிய மண்வெட்டி இறங்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் அவருடைய பயிர்தான்.

“ஏன் தம்பி, இந்தத் தண்ணி ஏன் வடியாம நிக்குது?” என்று திடீரென்று அரவிந்தனைக் கேட்டார்.

“வடிகால் பூரா ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்குல்லண்ணே.”

“அது ஒனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப அதை ஏன் யாரும் சொல்லல?”

அரவிந்தன் செருப்பைப் பார்த்தான். “யாரும் கேக்கல. நானும் ரெண்டு பதில்தானே வச்சேன்.”

“ஓட்டுன்னா ஓட்டுதான், வெட்டுய்யா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கிரி மண்வெட்டியைக் கீழே போட்டார். “நானும் வெட்டலாம்னுதான் போட்டேன். இத்தனை பேரு சொல்றாங்களே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அத்தனை பேருக்கும் வயல் மேலவெளியில இருக்குங்கறதை நெனச்சுப் பாக்கல” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையை ஒட்டிய வடிகாலில் இறங்கினார்.

செம்மொழியும் அவள் பக்கத்து ஆட்களும் இறங்கினார்கள். மேலவெளியில் சிலர் வந்தார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அரவிந்தனும் வந்து ஆகாயத்தாமரைக் கொடியை இழுத்தான். இருட்டுவதற்குள் அடைப்பு நீங்குமா, இரண்டு வெளியும் பிழைக்குமா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

“அப்ப நாட்டுல பொது வாக்கெடுப்பே கூடாதுங்கறீங்களாண்ணே?” என்று அரவிந்தன் மெதுவாகக் கேட்டான்.

பக்கிரி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று யோசித்தார். “அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பேசிக்கிட்டே இருந்தா எதுதான் முடியும்னும் தோணுது. இன்னும் கொழப்பமாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சின்ன ஊர்லயே ஒரு பக்கத்துப் பயிரை அழிக்க ஒரு விரல் போதுமா இருந்துச்சு. நாடுன்னா எவ்ளோ பெருசு! எவன் வயல் முங்குதுன்னுகூடத் தெரியாம அமுக்கிட்டுப் போயிடுவோம். எல்லாரும் பேசுனதுக்கு அப்புறம் எண்ணு, தப்பில்ல. முதல்லயே எண்ணிட்டா, ஜெயிச்சவன் அதுக்கப்புறம் காது குடுக்கவே மாட்டான்.”