அணைக்காத மைக்

மீன் எண்ணெயில் விழுந்த சத்தமும் ஒலிபெருக்கி இருமிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பாவ்லின் கரண்டியைப் பிடித்தபடியே தலையைத் தூக்கினான். களத்தின் மூலையில் நின்ற கம்பத்தின் உச்சியிலிருந்து அவன் மனைவி யின்ஹுவாவின் குரல் இறங்கி வந்தது. குப்பைத் தொட்டிக்குள் வைக்கோலைப் போட்டுக் கொளுத்திய மகாராசன் யாரென்று தனக்குத் தெரியும், அவனாகவே வந்து தொட்டியைக் கழுவிவிட்டால் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றாள். வாத்துகளை ரோட்டில் மேயவிடுகிறவர்கள் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு தன்னிடம் வரக்கூடாது என்றாள். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த சனம் சிரித்தது. யாரைத் திட்டுகிறாள் என்று மேசைக்கு மேசை ஊகம் பறந்தது.

பெங் வீட்டுப் பேரனுக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்து அது. ஷிபான்சி ஊரில் பாதிப்பேர் அந்தக் களத்தில்தான் இருந்தார்கள். பெங் முன்னாள் ஊர்த் தலைவர். போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில் யின்ஹுவாவிடம் தோற்றவர். அன்றிலிருந்து அவளோடு அளந்துதான் பேசுவார். ஆனால் வீட்டில் விசேஷம் என்றால் சமையலுக்கு அவள் புருஷனைத்தான் கூப்பிடுவார். அரசியல் வேறு, பன்றிக்கறி வேறு என்பது அவர் கொள்கை. பாவ்லின் புகைபோட்டு வைக்கும் கறிக்குப் பக்கத்து ஊர்களிலும் கிராக்கி உண்டு. ஊரில் எல்லாரும் அவனை மாஸ்டர் என்பார்கள். யின்ஹுவா ஊர்த் தலைவர் மட்டுமல்ல, கட்சிக் கிளைச் செயலாளரும்கூட என்பதால், போதை ஏறிய பிறகு சிலர் செயலாளரம்மா வீட்டுக்காரர் என்பார்கள். பெண்டாட்டி ஊரை ஆளுகிறாள், நீ அடுப்பை ஆளுகிறாய் என்று சீண்டுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அவர்கள் கிண்ணத்தில் ஒரு கரண்டி மிளகாயைக் கூடுதலாகப் போட்டுவிடுவான்.

அறிவிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு வழக்கமாக ஒரு 'டக்' சத்தம் வரும். மைக்கை அணைத்துவிட்டாள் என்று அர்த்தம். இன்று அந்தச் சத்தம் வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது, தேநீர்க் கோப்பை மூடியை யாரோ திறந்து மூடினார்கள், பிறகு ஓர் ஆண்குரல் தொண்டையைச் செருமியது.

"செயலாளரே, வாத்துக் கதையெல்லாம் இருக்கட்டும். சுவர் விஷயத்துக்கு வருவோம்."

பாவ்லின் மீனைத் திருப்பிப் போடாமல் நின்றான். குரலுக்குச் சொந்தக்காரர் யாரென்று உடனே தெரிந்தது. வட்டார அலுவலகத்தின் துணைத் தலைவர் ஹௌ. காலையிலேயே அவருடைய கறுப்புக் கார் ஊருக்குள் நுழைந்ததை அவன் பார்த்திருந்தான்.

சுவர் விஷயம் அவனுக்கு நேற்றே தெரியும். சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு யின்ஹுவா சொன்னாள். மேலிருந்து ஒரு சோதனைக் குழு வருகிறது. அவர்கள் கார் போகிற பெரிய ரோட்டோரத்தில் நம் ஊர் மண்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவை கண்ணில் படாதபடி ஒரு சுவரை எழுப்பி, வெள்ளையடித்து, தாமரைப் பூ வரைந்துவிட வேண்டும் என்று ஹௌ சொல்கிறார். மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். கட்சிக் கிளைச் செயலாளர் பதவி போகும், அது போனால் ஊர்த் தலைவர் பதவியும் கூடவே போகும் என்றாள், நாளைக்கு மழை வரும் என்பது போல. பாவ்லின் துண்டை நீட்டியபடி, "தலையை ஆட்டிடு. சுவர்தானே, மழைக்கு அதுவே விழுந்துடும்" என்றான். அவள் துண்டை வாங்கினாள். காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நல்ல யோசனை சொன்னோம் என்றுதான் அவன் அப்போது நினைத்தான்.

இப்போது அந்தச் சுவர் ஊரின் நான்கு மூலையிலும் பேசிக்கொண்டிருந்தது. பந்தலில் சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றன. அடுப்புக்குக் கீழே குந்தி விறகு தள்ளிக்கொண்டிருந்த தெங் மெல்ல நிமிர்ந்தான். தெங் கல்யாணம் ஆகாதவன், விருந்துச் சமையலில் பாவ்லினுக்கு எப்போதும் துணை. ரோட்டோரத்து மண்வீடுகளில் முதல் வீடு அவனுடையது. காலையிலிருந்து அவன் பக்கத்திலேயே நின்று வெங்காயத்தாள் நறுக்கிய பாவ்லின், சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"அந்த மண்வீட்டுக்குள்ள மனுஷங்க இருக்காங்க, தலைவரே." யின்ஹுவாவின் குரல்.

"சுவருக்குப் பின்னாடியும் இருக்கத்தானே போறாங்க? யாரு அவங்களைக் காலி பண்ணச் சொன்னது?"

"இருப்பாங்க. ரோட்டுல போறவங்களுக்கு மட்டும் இல்லாமப் போயிடுவாங்க."

தெங் கையில் இருந்த விறகைக் கீழே வைத்தான். பாவ்லினைப் பார்த்தான். "அண்ணே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். பாவ்லினுக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மீனைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வேலியோரம் நின்ற தெங்கின் மின்ஸ்கூட்டரில் ஏறினான். அவன் மூளையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாவிமகள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். உள்ளே உட்கார்ந்திருக்கிற ஹௌவுக்குத் தெரியாது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் நின்ற கம்பத்தை ரோட்டை அகலப்படுத்தியபோது பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அங்கே சத்தம் எட்டாது. யாராவது போனில் கூப்பிட்டு ஹௌவிடம் சொல்வதற்குள் போய் அணைத்துவிட்டால், ஊர்ப் பேச்சு ஊரோடு போகும். இல்லையென்றால் ஊர் முன்னால் மானம்போன அதிகாரி அவளை லேசில் விட மாட்டார்.

ஸ்கூட்டர் தன் பாட்டுக்கு உருண்டது. எண்ணெய் சொட்டும் கரண்டியை இன்னும் கையில் பிடித்திருக்கிறோம் என்பது குளத்தங்கரை தாண்டித்தான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு கம்பத்தைத் தாண்டினால் அடுத்த கம்பம் பேச்சை வாங்கிக்கொண்டது. விருந்துக்குப் போகாதவர்கள் வீட்டு வாசல்களில் நின்று, சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் வைத்ததை மெல்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிளகாய் காயப்போட்ட பெண் ஒருத்தி அவனைக் கண்டதும் நடுரோட்டுக்கு வந்து, அணைத்துவிடாதே மாஸ்டர் என்பது போலக் கையை ஆட்டினாள். அவன் வண்டியை ஒதுக்கிக்கொண்டு போனான். இவளுக்கென்ன, வேடிக்கை. பதவி போனால் போவது என் பெண்டாட்டிக்கு.

ஹௌவின் குரல் இறங்கி வந்திருந்தது. மிரட்டவில்லை, கெஞ்சுகிறார் என்றே சொல்லலாம். தனக்கு மேலே இருக்கிறவர்கள் தன்னை வறுக்கிறார்கள், பக்கத்து ஊர்களெல்லாம் சுவரைக் கட்டி முடித்துவிட்டன, இந்த ஓர் ஊரால் முழு வட்டாரத்துக்கும் கெட்ட பெயர் வரும், செங்கல்லும் சிமெண்டும் லாரியில் ஏற்றித் தயாராக நிற்கிறது, நீங்கள் தலையை அசைத்தால் போதும் என்றார்.

"லாரி வரட்டும்" என்றாள் யின்ஹுவா. "செங்கல்லை நான் வேணாங்கல. அதே செங்கல்லுல அந்த வீடுங்களோட பின்சுவரைக் கட்டுவோம். ஓடு மாத்துவோம். போன மழையில தெங் வீட்டுக் கட்டிலுக்கு மேல நானே குடை கட்டிட்டு வந்தேன். சோதனைக்கு வர்றவங்களை நானே கூட்டிட்டுப் போய், இது பழசு, இது புதுசு, மிச்சத்தை அடுத்த வருஷம் முடிக்கணும்னு காட்டுறேன். என்னைக்கு வேணா வரச் சொல்லுங்க."

அத்தோடு கடைசிக் கம்பமும் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு லாரிகளின் இரைச்சல் மட்டும்தான். ஊர் அலுவலகம் பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில், பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. வாசலில் கறுப்புக் கார், கண்ணாடி ஏற்றி, ஏசி ஓட, உள்ளே ஓட்டுநர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பாவ்லின் பின்பக்கமாகப் போனான். ஒலிபெருக்கிப் பெட்டி பின்னறையில் இருக்கும். அதன் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும். பூனை மாதிரி நுழைந்தான். பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொத்தான் மேல் விரலை வைத்தான்.

முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஹௌவின் பின்தலை தெரிந்தது. அவருக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி யின்ஹுவா. ஹௌவின் முதுகுக்குப் பின்னால், சன்னலோர மேசையில் மைக். எப்போது வந்தாலும் அதிகாரிகள் சன்னலோரம் வெளிச்சம் பார்த்துத்தான் உட்காருவார்கள். இன்று நாற்காலி அறையின் நடுவுக்கு வந்து, மைக்குக்கு முதுகைக் காட்டி நின்றது. பாவ்லினின் கண் மைக்கின் பக்கத்தில் இருந்த சிவப்புத் துணியில் போய் நின்றது.

அந்தத் துணியை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கல்யாணத் தலையணை உறையை வெட்டி, ஓரம் அடித்து, மைக்குக்கு உறை செய்து கொண்டுபோனாள். ஆறு வருடமாக அறிவிப்பு முடிந்ததும் மைக்கை அணைப்பாள், துணியை மேலே போர்த்துவாள். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, போர்த்தாமல் வந்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் அவனை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அவன் போய்ப் பார்த்தபோது போர்த்தித்தான் இருந்தது. மறந்துபோகிறவள் அவசரத்தில் துணியை எங்கேயாவது போட்டிருப்பாள். இந்தத் துணி நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த, மேசையின் நடுவே இருந்தது.

அவள் மறக்கவில்லை.

பாவ்லின் தலையைத் தூக்கினான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள். கரண்டியைப் பார்த்தாள், பொத்தான் மேல் இருந்த விரலைப் பார்த்தாள். முகத்தில் எந்த அசைவும் இல்லை. வேண்டாம் என்று கண்ணைக்கூடக் காட்டவில்லை. அணைப்பதும் அணைக்காததும் உன் பாடு என்று விட்டுவிட்டாள். பார்வையை ஹௌவிடமே திருப்பிக்கொண்டாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, தெரியும்" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் நேத்து அதையேதான் சொன்னாரு. தலையை ஆட்டிடுன்னாரு. அவரு கோழை இல்ல. தனக்காக ஒருநாளும் பயப்பட்டதில்ல, எனக்காகத்தான் பயப்படுறாரு. ஆனா இந்த ஊர்ல ஓட்டுக் கேட்டு நான் போனப்ப, முதல்ல கதவைத் திறந்தது அந்த மண்வீட்டுக்காரங்கதான். அந்தக் கதவு முன்னால சுவரெழுப்ப என் கையெழுத்து வராது. பதவியை எடுத்துக்குங்க. வீட்டுல ஒரு மாஸ்டர் இருக்காரு, நான் பட்டினி கிடக்க மாட்டேன்."

ஹௌவின் பின்தலை குனிந்தது. பாவ்லின் விரலை எடுத்தான்.  பயம் போய்விட்டிருந்தது. இத்தனை வருடமாக இந்தப் பெண்ணோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டிருக்கிறோமே, இவள் உயரம் தெரியாமலே இருந்துவிட்டோமே என்ற வெட்கம் கொஞ்சம், அதைவிடப் பெரிதாக ஒரு கர்வம்.  செயலாளரம்மா வீட்டுக்காரன். ஆமாம், அவன் அதுதான். பச்சை விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டு, வந்த வழியே சத்தமில்லாமல் வெளியேறினான்.

திரும்புகிற வழியில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு நடந்தான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். முதல் கம்பத்தடியில் நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். கிண்டல் வருமென்று எதிர்பார்த்தான். வரவில்லை. மிளகாய்க்காரி மட்டும் அவன் கையில் இருந்த கரண்டியை வாங்கி, இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கம்பத்திலிருந்து பேச்சே வரவில்லை. ஆனால் மைக் அணையவில்லை என்பது தெரிந்தது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. தூரத்து லாரியின் ஒலி ஒன்று மைக்குக்குள் நுழைந்து ஊருக்குள் வந்து போனது.

களத்தில் மீன் கருகிய வாசனை. தெங் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், விறகை இழுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பாவ்லினைக் கண்டதும் சட்டியை இறக்கி வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது, புகையென்று வைத்துக்கொள்ளலாம். சொல்லியிருக்க வேண்டும், தப்புதான் என்று பாவ்லின் முணுமுணுத்தான். தெங் அவன் தோளில் ஒரு குத்து விட்டான், வலிக்கும்படியாகவே.

பெங் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். அவருடைய ஆட்சியில் அந்த மண்வீடுகளுக்கு ஓர் ஓடுகூட மாறவில்லை என்பது அவருக்கும் தெரியும், களத்துக்கும் தெரியும். ஒரு கோப்பையில் அரிசிச் சாராயத்தை விளிம்பு வரை ஊற்றினார். விருந்துக்காரர் சமையல்காரனுக்கு முதல் கோப்பை கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"மாஸ்டர், இது உனக்கில்ல. ஆனா நீதான் குடிக்கணும்."

பாவ்லின் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் கம்பத்தின் உச்சியில் தேநீர்க் கோப்பை மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. ஹௌ தொண்டையைச் செருமினார். பந்தலில் இருந்த அத்தனை பேரும், தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை பெற்றவள் உட்பட, எழுந்து நின்றார்கள். கோப்பை உதட்டோரம் நிற்க, பாவ்லினும் மற்றவர்களோடு சேர்ந்து முகத்தை மேலே தூக்கிக் காத்திருந்தான்.