வருது என்றொரு நிலை

எங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் உண்டு. புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் பெண்கள் கைப்பேசியில் அதைத் திறந்து, தங்கள் வீட்டுப் படகு கடலிலா கரையிலா என்று பார்ப்பார்கள். அந்தப் பக்கங்களின் முகவரிகளை இதுவரை வெறும் எழுத்துகளாகக் கோத்திருந்தோம். படகு எண்ணுக்குப் பின்னால் எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கம் திறக்கும்.

அந்தத் தளர்வில்தான் ஓராண்டாக இருந்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத என் கணவன் ரெக்சனின் படகு எண்ணை அடித்து, அதன் பின்னால் 'வருது' என்று போடுவேன். அவன் பெயரோடு பக்கம் திறக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது முகவரிகளுக்கு வகை வைக்கிறோம், எந்தச் சொல் வரலாம் என்று முன்கூட்டியே வரையறுத்து. நிலை என்றால் 'கடலில்', 'கரையில்' இரண்டுதான். வேறு சொல்லை, நாங்கள் எழுதும் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் ஏற்காது.

யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற சர்வரின் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அருணாசலவடிவு அக்கா என் மேசைக்கு வந்தாள். எங்கள் குழுவுக்கு அவள்தான் பொறுப்பு.

"ஏளா ஜெனிட்டா, தெனமும் ரெண்டு பேரு 'வருது'ன்னு கேக்காவ. ஒண்ணு உன் போனு. அத விடு. இன்னொண்ணு யாரு?"

பார்த்தேன். படகு இருக்குமிடத்தை எங்களுக்குத் தெரிவிக்க ரெக்சனின் படகில் பொருத்திய கருவி.

"எங்கயாவது கரை ஒதுங்கியிருக்கும். எவனாச்சும் எடுத்து கரண்டு குடுத்திருப்பான். காயலாங்கடைக்காரனுக்கு எல்லாமே சரக்குதான."

"அந்தச் சொல்லு அவனுக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்கா என் தோளைத் தொட்டாள். "சாயங்காலம் வெளியிடணும். ரெண்டே நிலைதான். உன் வீட்டு விஷயம்னுதான் நான் கை வைக்கல. அந்தச் சொல்ல நீயே எடுத்திரு."

எடுக்கவில்லை. மூன்றாவது நிலையாக 'வருது' என்பதைச் சேர்த்தேன். உடனே எல்லாப் பக்கங்களிலும் பிழை. ஒவ்வொரு பிழையும் ஒரு கேள்வி. வருகிறது என்றால் வரைபடத்தில் என்ன நிறம்? ஏலக்கூடத்துக்குச் சொல்ல வேண்டுமா? வீட்டில் யாருக்குச் சொல்வது? இந்த ஓராண்டில் ஒரு மனிதரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. எழுதிக்கொண்டே போனேன்.

கடைசியாக, கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்ற கேள்வி. அதை வெறுமையாக விட முடியாது. எண்ணாக இருக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்? கேட்பவரே முகவரியில் தரட்டும் என்று எழுதினேன். பிழைகள் தீர்ந்தன. சோதனை சர்வரில் ஓட்டினேன்.

ரெக்சனின் படகுக் கருவி பக்கத்தைக் கேட்டது. நான் அப்போதுதான் எழுதிய வடிவில், பிசகில்லாமல்: படகு எண், வருது, தூரம்.

மறுபடி கேட்டது. தூரம் குறைந்திருந்தது.

அவன் முகத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். வந்தது ஓராண்டு தண்ணீரில் கிடந்த முகம். வருகிறவனோடு வாழ நான் பழகிவிட்டிருந்தேன். வந்துவிட்டவனை ஒரு முறைகூட நினைத்ததில்லை. மீண்டும் ஒரு கோரிக்கை. இன்னும் அருகில்.

"முடிஞ்சுதாளா?" என்றாள் அக்கா, அவள் இடத்திலிருந்தே.

"இந்தா முடிஞ்சிட்டு."

மூன்றாவது சொல்லை அழித்தேன். கம்பைலர் எதுவும் கேட்கவில்லை. வெளியிட்டேன்.

பதிவில் இன்னும் ஒரே ஒரு வரி விழுந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை என்று எங்கள் சர்வர் திருப்பியனுப்பிய, அந்தக் கருவியின் கோரிக்கை. அதில் தூரம் பூஜ்யம்.