சகலையின் கெட்டி ரத்தம்

மாமனார் வீட்டில் நான்தான் பெரிய மாப்பிள்ளை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் என் சகலையைப் பார்த்துத்தான் எழுந்து நிற்பார்கள். மரக்கடை முதலாளி, வாசலை அடைக்கும் உடம்பு, ரத்தம் ததும்பும் முகம். நான் கடைத் தராசுகளைப் பழுது பார்க்கிறவன், ஊதினால் பறந்துவிடுகிற ஆள். மாமியார் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். எனக்கு வயிறு எரியும். அவர் மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து எரிகிறது.

மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு உறவினர்கள் ரத்தம் கொடுத்தால் நல்லது என்றார்கள். மாமியார் எங்கள் இருவரையும் மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு அனுப்பினார். முதலில் என் விரலைக் குத்தி, ஒரு சொட்டைச் சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தார் நர்ஸ். ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டவில்லை.

"அண்ணா, நீங்க ரத்தம் குடுக்கிற ஆள் இல்ல, வாங்கிக்கிற ஆள்" என்றார்.

சகலை தொப்பை குலுங்கச் சிரித்தார். தன்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அவருடைய அளவு பத்தொன்பது. நர்ஸ் வேறு விரலில் குத்திப் பார்த்தார், அப்போதும் அதேதான். இது மாமியார் காதுக்குப் போனால் நான் அந்த வீட்டில் தலைகாட்ட முடியாது என்று நொந்துகொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். சகலையின் பிரஷரைப் பார்த்தார், இடுப்பை டேப் வைத்து அளந்தார், குறட்டை விடுவீர்களா என்று கேட்டார்.

"உங்க ரத்தத்த எடுக்க முடியாது. சிவப்பணு அளவுக்கு மேல இருக்கு, ரத்தம் கெட்டியா இருக்கு. இத மட்டும் வச்சு வியாதின்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த இடுப்பு, இந்த பிரஷரோட இதுவும் சேர்ந்து வந்திருக்கே, உள்ள சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருக்கலாம். நாளைக்கே வெறும் வயித்துல வந்து டெஸ்ட் குடுங்க."

எரிந்த வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு.

வங்கியில் இருப்பு இருந்ததால் மாமனாருக்கு ரத்தம் கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் சகலை கொஞ்சம் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி, ரத்தம் கொடுத்தவர் போல முழங்கை மடிப்பில் ஒட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்து, "வீட்ல மூச்சு விட்றாதீங்க சகலை" என்றார். அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. ருசித்து அனுபவித்துக்கொண்டே சரி என்றேன்.

ஆனால் அந்த ருசி வார்டு வாசலோடு போயிற்று. பஞ்சைப் பார்த்ததும் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன மாப்பிள்ளையின் ரத்தம்தான் இனிமேல் உங்கள் உடம்பில் ஓடும் என்று மாமனாரிடம் சொன்னார். பஞ்சு இல்லாத என் கையைப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடக் கூடாதா என்றார்.

மாமனார் வீடு திரும்பிய அன்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சகலை டெஸ்ட் பக்கமே போகவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், அடிக்கடி எழுந்து கழிவறைக்குப் போனார், பேச்சின் நடுவே கண் அசந்தார். ரத்தம் கொடுத்த உடம்பாயிற்றே என்று மச்சினி அவருக்கு இரண்டாவது டம்ளர் பழச்சாற்றில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். குடிக்கட்டுமே, நமக்கென்ன, வாக்கு கொடுத்திருக்கிறோமே என்று ஓடியது என் மனது. அப்படி நினைத்தது நானா என்று ஒரு கணம் பயந்துபோனேன்.

நல்ல மனது வந்து பேசினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த நேரம் பார்த்து மாமியார், "பெரிய மாப்பிள்ளைக்கும் ஒரு வாய் குடுடி, அவருக்கும் கொஞ்சம் ரத்தம் ஊறட்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் ரத்தமே குடுக்கல. டாக்டர் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. சர்க்கரை இருக்கும், டெஸ்ட் பண்ணுங்கன்னாரு. அந்த டம்ளர வாங்குங்க" என்றேன்.

மச்சினி டம்ளரைப் பிடுங்கினாள். சகலை தரையைப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி, "அவர் நல்லா இருக்கணும்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

மறுநாளே மச்சினி அவரை இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை முந்நூற்றைத் தொட்டிருந்தது, ஈரலிலும் கொழுப்பு. நல்லவேளை, இதயத்தைத் தொடுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றாராம் டாக்டர். சகலை எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு, சகலைதான் உயிரைக் காப்பாற்றினார் என்றார். நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். அதற்குள் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காட்டிக்குடுத்தவரையே கட்டிப்பிடிக்கிறாரே, யாருக்கு வரும் இந்த மனசு" என்றார்.

இப்போது வாராவாரம் சகலை என் பட்டறைக்கு வருகிறார். மற்ற இடத்து எடை மெஷின்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லையாம். காலையில் நடக்கிறார், சர்க்கரையைத் தொடுவதில்லை, முகம் வேறு களையாகிவிட்டது. நான் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று மாமியார் என் மனைவிக்கு போன் செய்கிறார். நான் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டு கிடக்கிறேன்.

இன்றும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை என்று நான்தான் சொல்ல வேண்டும். எடையைச் சரிசெய்யும் திருகாணி என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அரைச் சுற்றுத் திருப்பினால் போதும், இரண்டு கிலோ கூடிவிடும், அந்த முகம் வாடிவிடும். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"என்ன சகலை, ஏறிடுச்சா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"குறைஞ்சிருக்கு" என்றேன். திருப்பாத திருகாணியிலிருந்து விரலை மெல்ல எடுத்தேன்.