பவுண்டு கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்

வேப்பங்கரணைக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று 1972-ல் இருநூற்றுப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து ரத்தினபாயுடையது. ஆறு மாதம் கழித்து, அந்த நூலகத்துக்காக எடுத்துக்கொள்ள நகராட்சி மன்றம் தேர்ந்தெடுத்ததும் ரத்தினபாயின் வீட்டைத்தான்.

காசநோய் சானடோரியத்தில் நர்ஸ் வேலை பார்த்துக் கட்டிய வீடு. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, வாசலில் ஒரு கொய்யா மரம். கணவர் போன பிறகு அவளும் மகள் அமலராணியும்தான்.

மன்றத்தில் மூன்று கூட்டம் இதைப் பற்றியே பேசினார்கள். தபாலாபீஸ் பின்னால் வாடகை அறையில் இருந்த படிப்பகத்தைப் பொங்கலுக்குள் காலி செய்யும்படி அறையின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். விலைக்கு வாங்கலாம் என்றால் ஸ்டேஷன் ரோட்டில் யாரும் விற்பதாக இல்லை. குத்தகைக்குப் போனால் இதே தொல்லை பத்து வருஷம் கழித்து மறுபடி வரும். கடைசியில் வக்கீல் கவுன்சிலர் யக்ஞநாராயணன் எழுந்தார். சர்க்கார் மூலம் ஆர்ஜிதம் செய்வதுதான் வழி, நர்ஸம்மா வீடு சரியான இடத்தில் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போகிற ஆளும் இல்லை என்றார். சேர்மன் சத்தியநாதனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கைகள் உயர்ந்துவிட்டன.

செய்தி வீட்டுக்கு எட்டியதிலிருந்து, ஆட்சேபணை எழுதிக் கொடுக்கச் சொல்லி அமலராணி தினமும் மன்றாடினாள்.

"நான் கேட்ட நூலகத்துக்கு நானே எப்படி ஆட்சேபணை எழுதறது?" என்றாள் ரத்தினபாய். "அந்தப் படிப்பகம் இல்லேன்னா நீ சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதியிருப்பியா? இன்னிக்குக் கோட்டை ஆபீஸுக்கு மின்சார ரயில்ல போய் வர்றே. அதை மறந்துட்டுப் பேசாதே."

சொல்லிவிட்டாளே தவிர, பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது கை ஓடவில்லை. கொய்யா மரத்தைப் பார்க்காமலே வாசலைத் தாண்டப் பழகினாள். நோட்டீஸ் மட்டும் வரவே இல்லை.

அது வேறு வாசலுக்குப் போயிருந்தது.

வேப்பங்கரணையில் யாரிடம் வழி கேட்டாலும் ஸ்டேஷன் பக்கத்தை 'மேலே' என்றுதான் சொல்வார்கள். நகராட்சி கிளார்க் தயாளனும் அந்த ஊர்க்காரர். வரைபடத்தை ஸ்டேஷன் மேலே வரும்படி மேஜையில் விரித்தார். நர்ஸம்மா வீடு ஸ்டேஷனிலிருந்து வரும்போது இடது பக்கம் மூன்றாவது மனை என்பதால், காகிதத்தின் இடது பக்கத்தில் மூன்றாவதை எண்ணி, சர்வே நம்பரைக் குறித்துத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினார். வரைபடமோ ஸ்டேஷன் கீழே வரும்படி வரைந்தது. அதைத் தலைகீழாக வைத்ததில் இடமும் வலமும் மாறி, எதிர் வரிசை மனையை எண்ணியிருக்கிறார். அவர் கொடுத்த நம்பரில் இருந்தது, தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டு. தாலுகா ஆட்கள் அதன் கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, தண்டோராவும் போட்டுவிட்டுப் போனார்கள்.

பவுண்டுக் காவலர் குப்பனுக்குப் படிக்கத் தெரியாது. தண்டோரா காதில் விழுந்தது. நேரே மனு எழுதுகிறவரிடம் போய், சொல்லச் சொல்ல எழுத வைத்து, கைநாட்டு வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் சேர்மன் அதைப் படித்தார். வந்த ஒரே ஆட்சேபணை.

"இந்தப் பவுண்டு முனிசிபாலிட்டிக்குச் சொந்தம். இருபத்திரண்டு வருஷமாகச் சாவி என்னிடம் இருக்கிறது. முனிசிபாலிட்டி இடத்தை முனிசிபாலிட்டியே எப்படிப் பிடுங்கும்? ஐயா விளக்கம் சொல்ல வேண்டும்."

 யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முதலில் சிரித்தது சேர்மன்தான். குப்பனைக் கூப்பிட்டு, உள்ளே எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்டார்.

"மாடு எங்க சார் கீது? ரெண்டு கழுதையும் ஒரு கன்னுக்குட்டியும்தான். மீதி எடம் சும்மா கெடக்குது."

மொத்தம் இருபது சென்ட். ரத்தினபாயின் மனையைவிடப் பெரிது, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மூன்று கூட்டம் பேசியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. நர்ஸம்மா வீட்டை எடுக்கும் தீர்மானம் அன்றே ரத்தானது. கழுதைகளுக்கு ஏரிக்கரையில் ஒரு கொட்டகை போதும். புது நூலகத்தின் சாவி குப்பனிடமே இருக்கட்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் தயாளன் மன்னிப்புக் கேட்க வந்தார். ரத்தினபாய் சாக்கைப் பிரித்து, டம்ளரைத் தேடி எடுத்து, காபி கொடுத்தாள்.

"தம்பி, நீங்க மேப்பைத் தலைகீழா வெச்சீங்களே, அதுக்கு இனிமே தினமும் ஜெபத்துல நன்றி சொல்லுவேன்."

தயாளன் டம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே காபியைக் குடித்து முடித்தார்.

மறு வருஷம் நூலகம் திறந்தது. பெயர் படிக்கத் தெரியாத குப்பன், மாடுகளை அடையாளம் வைத்த மாதிரியே புத்தகங்களையும் வைத்துக்கொண்டார். முதல் மாதக் கடைசியில், டியூட்டி முடிந்து வந்த ரத்தினபாயை வாசலிலேயே நிறுத்தினார்.

"நர்ஸம்மா, உங்க செவலை ஒண்ணு இன்னும் வூடு திரும்பல. எடது காது மடிஞ்சது."

ரத்தினபாய்க்குப் புரிந்துவிட்டது. சிவப்பு அட்டை, இடது மூலை மடிந்த புத்தகம். கொய்யா மரத்தடியில் பாதி படித்தபடி கவிழ்த்து வைத்திருந்தாள்.

"இதோ ஓட்டிக்கிட்டு வரேன் குப்பா" என்று தன் வீட்டுக்கு நடந்தாள்.