முழு மதிப்பெண் வாங்கிய பிரிவு

அந்தக் கம்பெனியில் உண்மையின் விலை ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். பயமில்லாமல் வேலை பார்க்க முடிகிறதா, தப்பைத் தப்பென்று சொல்ல முடிகிறதா என்று, தலைமை அலுவலகம் அனுப்பிய மனநல டாக்டரம்மாவின் கேள்விகளைக் கம்ப்யூட்டர் கேட்கும். பதில் சொன்னால் பாட்டில் கையில். பெயர் மட்டும் கேட்காதாம்.

பேக்கிங் சூப்பர்வைசருக்கு அங்கேதான் இடித்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே வெளியே விடுவார் என்பதால் அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். சும்மா வரும் சரக்கில் சொத்தை தேடுவது அவர் ரத்தத்தில் ஊறியது. கொடுப்பதற்காக அடுக்கியிருந்த பாட்டிலில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஓர் எண்.

"பாத்தீங்களா மாமா? இத வச்சுத்தான் யாரு என்ன சொன்னாங்கன்னு புடிப்பாங்க" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி, பெட்டிக்கு சீல் வைக்கும் மெஷினை ஓட்டுபவன்.

"எல்லா பாட்டில்லயும் அதே நம்பர்தான்டா. எவ்வளவு தண்ணி பிடிக்கும்னு போட்டிருக்கான்."

"அப்ப இன்னும் மோசம். கண்டே புடிக்க முடியாத மாதிரி அடையாளம் வச்சிருக்கான்."

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. கை உள்ளே போனால் சீல் மெஷினை நிறுத்திவிடும் சென்சார் கண் ஒன்று உண்டு. அடிக்கடி நின்று வேகம் கெடுகிறது என்று மேனேஜர் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்ட வைத்துவிட்டார். அன்றிலிருந்து மச்சினனின் விரல்கள் கடவுள் பொறுப்பு. ஆனால் அந்த மெஷின் இருப்பது பேக்கிங்கில் மட்டும். எழுதினால் யார் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவானேன்? பிரிவு மொத்தமும் எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு பாட்டிலோடு வந்தது.

அடுத்த வாரம் மேனேஜர் தராசைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்த மனசு டாக்டரம்மா நேரா உன் பிரிவுக்குத்தான் வந்து நிக்குறாங்க. யாருய்யா வாயத் தொறந்தது?"

"யாரும் தொறக்கல சார். முழு மார்க் போட்டோம்."

"அப்ப காத்துல மோப்பம் புடிச்சாங்களா? நீதான். நாளையிலேர்ந்து நீ குடோன்ல மூட்டை தூக்கு."

செய்யாத தப்புக்குத் தண்டனை. தராசு நேராக அந்த அம்மாவிடம் போனார்.

"எங்கள யாரு மேடம் போட்டுக் குடுத்தது?"

"நீங்கதான். மத்த பிரிவுல எல்லாம் குறை குறையா சொல்லியிருக்காங்க. அதுதான் நல்ல அறிகுறி. உங்க பிரிவுல மட்டும் ஒரு குறைகூட இல்ல. தப்பே நடக்காத இடம்னு ஒண்ணு கிடையாதுங்க. தப்ப சொல்ல பயப்படுற இடம்தான் உண்டு."

இதுவும் வாயைப் பிடுங்கும் வித்தையோ? தராசு கண்ணை இடுக்கினார்.

"இப்ப நான் சொன்னா என் பேரு வெளிய வராதுன்னு உறுதியா சொல்லுவீங்களா?"

அவள் யோசித்தாள். "முடியாதுங்க. மேனேஜர் யூகிச்சிடுவாரு."

தராசு ஆடிப்போனார். விற்க வந்தவளே தன் சரக்கின் ஓட்டையை விரல் வைத்துக் காட்டுவதை வாழ்நாளில் அவர் பார்த்ததில்லை. கூடவே இன்னொன்றும் உறைத்தது. சொல்லாத சொல்லுக்கு முழு விலையையும் மேனேஜர் குடோன் மூட்டையாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டார். காசைக் கொடுத்துவிட்டு சரக்கை எடுக்காமல் போகிறவன் அவர் பரம்பரையில் இல்லை.

"வாங்க மேடம்" என்று சீல் மெஷினுக்கு அழைத்துப் போனார். எல்லோரும் பார்க்க, கறுப்பு டேப்பைப் பிய்த்தார். மச்சினனின் கை உள்ளே இருந்தது. மெஷின் அப்படியே நின்றது.

"மாமா, என்ன வேல பண்றீங்க? மேனேஜர் கொன்னுடுவாரு!"

"அவரு அப்பவே கொன்னுட்டாருடா. இது கருமாதி" என்றார் தராசு.

வரவு, மச்சினனின் பத்து விரல், ஒரு பாட்டில். செலவு, சூப்பர்வைசர் நாற்காலி. கணக்கு நேராகத்தான் இருந்தது. வீட்டில் மனைவிக்கு எதை முதலில் சொல்வது என்பது மட்டும் பாக்கி.